அஸ்திவாரச் சுவர்: கான்கிரீட் வார்ப்பதா, பிளாக் கட்டுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சுவரைப் பற்றிப் பேசுகிறோம்?

தமிழ்நாட்டில் வீடு கட்டுபவர்களுக்கு இந்தக் கேள்வி இரண்டு இடங்களில் எழுகிறது. முதலாவது, தரைமட்டத்துக்கும் பிளிந்த் பீமுக்கும் (வீட்டுத் தளத்தின் கீழ் ஓடும் கான்கிரீட் பீம்) நடுவே வரும் பேஸ்மட்டச் சுவர். உள்ளே கிராவலோ எம்-சாண்டோ நிரப்பி அதன்மேல் தரை போடுவோம். இரண்டாவது, நிலத்துக்குக் கீழே இறங்கும் அறையின் சுவர்: கார் நிறுத்துமிடம், பம்பு அறை, கிடங்கு போன்றவை. முதல் சுவருக்கு மண் உள்ளிருந்து வெளியே தள்ளும். இரண்டாவதற்கு வெளியிலிருந்து உள்ளே தள்ளும். சுவருக்கு எந்தப் பக்கம் என்பது பெரிய விஷயமில்லை. எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது, அதில் தண்ணீர் சேருமா என்பவைதான் விடையைத் தீர்மானிக்கின்றன.

ஒரே வரியில் விடை உண்டா?

காலம் (column, அதாவது கான்கிரீட் தூண்) போட்டுக் கட்டும் வீட்டில், மண் நிரப்பும் உயரம் 3 அடிக்குள் இருந்தால் 8 இஞ்ச் சாலிட் பிளாக் போதும். 5 அடியைத் தாண்டினால் கம்பி போட்ட கான்கிரீட் சுவர். நிலத்தடி அறை என்றால் ஆழம் எதுவானாலும் கான்கிரீட்தான். 3 முதல் 5 அடி வரை உள்ள இடைவெளியில்தான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வேலை இருக்கிறது. அங்கே கொத்தனாரின் அனுபவத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பேஸ்மட்டத்தை 4, 5 அடி உயர்த்துவது சாதாரணமாகிவிட்டது. சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறுவதால் வேறு வழியும் இல்லை. ஆனால் 2 அடி பேஸ்மட்டத்துக்குக் கட்டிய அதே சுவரையே 5 அடிக்கும் இழுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மாடி வீட்டின் எடையை பிளாக் சுவர் தாங்குமா?

தாங்கும். காலம் போட்ட வீட்டில் எடை காலம் வழியாக அதன் அடியிலுள்ள ஃபூட்டிங்குக்குப் (அகலமான அடிக் கான்கிரீட்) போய்விடும். பேஸ்மட்டச் சுவர் தன்னையும் மண்ணையும் பிடித்து நின்றால் போதும். காலம் இல்லாமல் சுவரே எடை தாங்கும் வீடாக இருந்தாலும், தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டில் ஒரு மீட்டர் நீளச் சுவருக்குச் சுமார் 8 டன் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. தடிமனில் அது சதுர மி.மீட்டருக்கு 0.4 நியூட்டன் அழுத்தம். சதுர மி.மீட்டருக்கு 5 நியூட்டன் பலமுள்ள பிளாக்கை 1:5 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) கட்டினால், இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1905 அனுமதிக்கும் 0.5-க்குள் இது அடங்கிவிடும்.

"மூன்று மாடி வருகிறது, அதனால் பேஸ்மட்டச் சுவரையும் கான்கிரீட்டில் போடுவோம்" என்பது தவறான காரணம். பிளாக்குக்கு மேலிருந்து வரும் அமுக்கம் பிரச்சினையே இல்லை. பக்கவாட்டில் தள்ளினால் வளைவதுதான் அதற்கு ஆகாது.

பக்கவாட்டில் மண் எவ்வளவு தள்ளும்? கணக்கோடு சொல்ல முடியுமா?

சாதாரண மணல் கலந்த மண்ணின் எடை கனமீட்டருக்குச் சுமார் 18 கிலோநியூட்டன், அதாவது 1.8 டன். அதில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டு அழுத்தமாக மாறும். மேலே பிடிப்பில்லாமல் நிற்கும் சுவரின் அடியில், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏற்படும் வளைவு விசை இப்படி வரும்:

மண் உயரம் 0.75 மீட்டர் (இரண்டரை அடி) என்றால் 0.42 கிலோநியூட்டன் மீட்டர்.
1 மீட்டர் என்றால் 1.
1.5 மீட்டர் (5 அடி) என்றால் 3.4.
3 மீட்டர் (10 அடி) என்றால் 27.

உயரம் இரு மடங்கானால் விசை எட்டு மடங்காகிறது. "ஒரு அடிதானே கூடுது" என்ற பேச்சு இங்கே செல்லாது.

இப்போது சுவரின் பக்கம் பாருங்கள். கம்பி இல்லாத கட்டுச் சுவரில், கிடைக்கலவை பிய்த்துக்கொள்ளாமல் தாங்கும் இழுவிசையாக ஐ.எஸ். 1905 தருவது 1:5 கலவைக்குச் சதுர மி.மீட்டருக்கு 0.07 நியூட்டன். 200 மி.மீ. சுவருக்கு அது 0.47 கிலோநியூட்டன் மீட்டர் ஆகிறது. சுவரின் சொந்த எடையையும் சேர்த்தால் 0.6 வரை போகலாம். சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் 4, 5 நியூட்டன் பிளாக்கில் அதைக்கூட முழுதாக நம்பக் கூடாது. இரண்டரை அடியிலேயே பிளாக் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

அப்படியென்றால் 3 அடி பேஸ்மட்டச் சுவர்கள் ஊரெங்கும் எப்படி நிற்கின்றன?

அவை தனியாக நிற்கவில்லை. 10, 12 அடிக்கு ஒரு காலம் பக்கவாட்டில் பிடிக்கிறது. மேலே பிளிந்த் பீம் பிடிக்கிறது. நான்கு பக்கமும் பிடிப்புள்ள பலகைபோல் சுவர் வேலை செய்வதால் வளைவு விசை வெகுவாகக் குறைகிறது. நன்றாக இடித்த கிராவலுக்குக் கொஞ்சம் ஒட்டும் தன்மையும் இருப்பதால் கணக்கில் வரும் அளவுக்கு அது தள்ளுவதில்லை.

பிளிந்த் பீம் வார்ப்பதற்கு முன்பே மண்ணை நிரப்பும்போது சுவர் வெளியே பிதுங்குவதற்கும் இதே காரணம்தான்: மேல் பிடிப்பு இன்னும் வரவில்லை. சுவர் கட்டி, பீம் வார்த்து, ஏழு நாள் நீராற்றிய பிறகு மண் நிரப்புவதே சரியான வரிசை.

தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும்?

அழுத்தம் இரு மடங்குக்கு மேல் போகும். உலர்ந்த மண் ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் தள்ளுகிறது. மண் முழுக்க நனைந்து தண்ணீர் தேங்கினால் தண்ணீர் மட்டுமே 10 தள்ளும். மண்ணின் பங்கையும் சேர்த்தால் 12-க்கு மேல். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் சில அடி ஆழத்துக்கு ஏறிவிடும். நிலத்தடி அறையின் சுவரைக் கோடையில் தோண்டிப் பார்த்த நீர்மட்டத்துக்கு வடிவமைக்கக் கூடாது.

பேஸ்மட்டத்தில் இந்த ஆபத்தை நாமே வரவழைப்பதும் உண்டு. மணலைக் கொட்டி, மோட்டாரைப் போட்டு முழுக்கத் தண்ணீர் விட்டு "இறக்குவது" பழைய பழக்கம். கட்டிப் பத்து நாள்கூட ஆகாத சுவருக்கு, அதன் வாழ்நாளின் மிகப் பெரிய அழுத்தம் அன்றைக்குத்தான் வருகிறது. அரை அடி அடுக்காக நிரப்பி, ஈரம் தெளித்து, திமிசுக் கட்டையாலோ பிளேட் காம்பாக்டராலோ இடியுங்கள். ஒரே வாரத்தில் 4 அடி நிரப்பி முடிக்கும் காண்ட்ராக்டர் எந்த வழியில் நிரப்பினார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த பிளாக் வாங்குவது?

மண்ணுக்குள் போகும் சுவருக்கு 16×8×8 இஞ்ச் சாலிட் பிளாக். ஐ.எஸ். 2185 முதல் பகுதியின்படி சாலிட் பிளாக்கின் அடர்த்தி கனமீட்டருக்கு 1,800 கிலோவுக்குக் குறையக் கூடாது. நீர் உறிஞ்சுதல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பிளாக்கின் கனஅளவு 0.016 கனமீட்டர், எனவே உலர்ந்த கல் 29 கிலோவுக்குக் குறைந்தால் அது தேறாது. நல்ல கல் 32 முதல் 35 கிலோ இருக்கும். எடை போட்ட கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். 32 கிலோ கல் 35-ஐத் தாண்டினால் வேறு யார்டு பாருங்கள்.

வயதும் முக்கியம். வார்த்து 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்தாம் நாளே லாரியில் ஏற்றிய பச்சைக் கல், சுவரில் உட்கார்ந்த பிறகு சுருங்கும். கலவைச் சந்துகளில் விரிசல் வரும். முனை உதிர்கிறதா, விரலால் சுரண்டினால் பொடி வருகிறதா என்று பாருங்கள்.

ஏ.ஏ.சி. பிளாக்கை (காற்றுக் குமிழ்கள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்) மண்ணுக்குள் வைக்க வேண்டாம். மாடிச் சுவருக்கு அதன் எடைக் குறைவு நல்லதுதான். ஆனால் தொடர்ந்து ஈரத்தில் கிடந்தால் நீரை இழுத்து வைத்துக்கொண்டு பலம் குறையும். ஃப்ளை ஆஷ் செங்கலில் 9 இஞ்ச் சுவர் கட்டலாம். சந்துகள் அதிகம் என்பதால் கொத்தனாரின் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

பிளாக் சுவர் கட்டும்போது எதைக் கவனிப்பது?

அடியில் கெட்டியான பிடிப்பு வேண்டும். காலங்களுக்கு நடுவே கிரேடு பீம் (தரையோரம் காலங்களை இணைக்கும் கான்கிரீட் பீம்) இருந்தால் அதன்மேல் தொடங்குங்கள். இல்லையென்றால் வானம் தோண்டி, அடியை இடித்து, 4 இஞ்ச் பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டுத் தொடங்குங்கள். நேற்று நிரப்பிய மண்மேல் பி.சி.சி. போட்டுச் சுவர் எழுப்பினால் மழைக்குப் பிறகு அது காலத்தை விட்டுக் கீழே இறங்கும்.

கலவை 1:5. "கெட்டியாக இருக்கட்டும்" என்று 1:3 போடுவதில் பயன் இல்லை. கலவை கல்லைவிடக் கடினமானால் அசைவு வரும்போது சந்து பிளப்பதற்குப் பதில் கல் பிளக்கும். தண்ணீர் சேர்த்த கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு தண்ணீர் தெளித்துக் கிளறி மறுபடி பயன்படுத்துவது எல்லா இடத்திலும் நடக்கும், விட்டுவிடாதீர்கள்.

செங்கல்லைப்போல் பிளாக்கை ஊறவைக்கக் கூடாது. வெயில் காலத்தில் மேலும் பக்கங்களிலும் லேசாக நனைத்தால் போதும். சந்து 10 மி.மீ. செங்குத்துச் சந்து முழுக்க நிரம்ப வேண்டும். கொத்தனார்கள் இரு முனையிலும் கொஞ்சம் தடவிவிட்டு நடுவை வெற்றாக விடுவது வழக்கம். வெளிப்பூச்சுக்குப் பின்னால் அது தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

காலத்தோடு சுவர் சேரும் இடத்தில் இரண்டு அடிக்கு ஒரு 8 மி.மீ. கம்பியைக் காலத்திலிருந்து விட்டு, அடுத்த கிடைச்சந்தில் புதைக்க வேண்டும். 3 அடி உயரத்தில் 3 அல்லது 4 இஞ்ச் தடிமனில் இரண்டு 8 மி.மீ. கம்பிகளோடு கான்கிரீட் பட்டை ஒன்று ஓட்டுவது, அதிக செலவில்லாமல் சுவரை உறுதியாக்கும் வேலை. ஒரு நாளில் 4 அடிக்கு மேல் எழுப்ப வேண்டாம். ஏழு நாளாவது நீராற்றுங்கள்.

ஹாலோ பிளாக்கில் கம்பி விட்டு கான்கிரீட் நிரப்பினால் கான்கிரீட் சுவருக்குச் சமமாகுமா?

சரியாகச் செய்தால் 4, 5 அடி வரை நல்ல நடுவழி. அமெரிக்காவில் வீட்டு அடித்தளச் சுவர்களை இந்த முறையில் கட்டுவது பரவலாக உண்டு. இங்கே சிக்கல் செய்முறையில்தான் இருக்கிறது. ஃபூட்டிங்கிலேயே செங்குத்துக் கம்பிகளை, பிளாக்கின் குழிகளுக்கு நேராக வரும்படி விட்டிருக்க வேண்டும். பிறகு நினைத்துக்கொண்டு துளை போட்டுச் சொருகுவது அதே பலம் தராது. மேலும் கீழும் குழிகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக வர வேண்டும். உள்ளே பிதுங்கும் கலவையை வரிசைக்கு வரிசை வழித்து எடுக்க வேண்டும். நிரப்பும் கான்கிரீட்டில் 10, 12 மி.மீ. சின்ன ஜல்லிதான் போட வேண்டும்; 20 மி.மீ. ஜல்லி நடுவில் சிக்கி அடியில் வெற்றிடம் விடும். நான்கு வரிசைக்கு ஒருமுறை நிரப்பிக் கம்பியால் குத்திக்கொண்டே போனால் நம்பலாம்.

சுவர் முழுவதும் எழுப்பிவிட்டு மேலிருந்து ஒரே மூச்சில் கொட்டினால், எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு குழிக்கும் கணக்குப்படி எத்தனை சட்டி போக வேண்டும் என்று பார்த்து, போனதை எண்ணுவதுதான் எளிய சோதனை. நிரப்பாத ஹாலோ பிளாக் மண்ணைத் தாங்கும் இடத்தில் கூடவே கூடாது. குழிகள் கரையானுக்கும் நேர்வழி.

கான்கிரீட் சுவருக்கு எந்த மிக்ஸ், எவ்வளவு தடிமன், எவ்வளவு கம்பி?

ஐ.எஸ். 456-இன்படி, உப்போ சல்ஃபேட்டோ இல்லாத மண்ணில் புதையும் கம்பி கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்25, அதாவது 28 நாளில் சதுர மி.மீட்டருக்கு 25 நியூட்டன் பலம். சிமெண்ட் கனமீட்டருக்கு 300 கிலோவுக்குக் குறையக் கூடாது. நீர்-சிமெண்ட் விகிதம் 0.50-ஐத் தாண்டக் கூடாது. கடற்கரைச் சூழலில் எம்30, 320 கிலோ, 0.45. மண்ணிலோ நிலத்தடி நீரிலோ சல்ஃபேட்டும் குளோரைடும் அதிகம் என்றால் இன்னும் மேலே போக வேண்டும். அதற்கு மண், நீர் பரிசோதனை அறிக்கை வேண்டும். இரண்டும் சேர்ந்து ஆகும் செலவு மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

0.50 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், மணலில் ஏற்கெனவே உள்ள ஈரத்தையும் சேர்த்து. ஆள்கள் "இறுகுது" என்று ஐந்து லிட்டர் கூட்டினால் விகிதம் 0.60. வழுக்கல் தேவையென்றால் தண்ணீர் ஊற்றாமல் பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லுங்கள்.

தடிமன் 200 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். 6 இஞ்ச் சுவரில் இரண்டு அடுக்குக் கம்பி கட்டி இரு பக்கமும் கவர் (கம்பியை மூடி வெளியே நிற்கும் கான்கிரீட்) விட்டால் வைப்ரேட்டர் ஊசி இறங்க இடமிருக்காது. கிடைக் கம்பி குறைந்தது சுவரின் குறுக்குவெட்டுப் பரப்பில் 0.2 சதவீதம், செங்குத்துக் கம்பி 0.12 சதவீதம், 16 மி.மீ. வரையுள்ள முறுக்குக் கம்பிக்கு இது பொருந்தும். விரிசல் தடுப்புக்கான இந்தக் கீழ் எல்லை மண் அழுத்தத்துக்கான கணக்கு அல்ல. 10 அடி ஆழ நிலத்தடி அறைக்கு மதிப்பீடு போட, செங்குத்தாக 10 மி.மீ. 150-க்கு ஒன்று, கிடையாக 8 மி.மீ. 200-க்கு ஒன்று, இரு முகத்திலும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒட்டு நீளத்தையும் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ வரும். நீர்மட்டம் உயரும் இடத்தில் இது போதாது. இறுதி வரைபடம் இன்ஜினியரிடமிருந்துதான் வர வேண்டும்.

ஒன்றைச் சரிபாருங்கள்: மேலே ஸ்லாப் பிடித்திருக்கும் சுவரில் அடிப்பகுதியில் மண் பக்கமும், நடு உயரத்தில் உள்பக்கமும் இழுபடும். ஒரே அடுக்குக் கம்பியை நடுவில் வைத்துக் கட்டினால் இரண்டு இடத்துக்கும் சரியாக உதவாது. கவர், எம்25-க்கு 30 மி.மீ., கடற்கரையில் 45 மி.மீ.; கவர் பிளாக் கான்கிரீட்டிலோ பி.வி.சி.யிலோ இருக்கட்டும், ஜல்லித் துண்டை முட்டுக்கொடுப்பது வேண்டாம்.

வார்க்கும் அன்று என்னென்ன தவறு நடக்கும்?

முதல் தவறு ஷட்டரிங்கில், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பில். ஈரக் கான்கிரீட் தண்ணீரைப்போல் தள்ளும்; கனமீட்டருக்கு இரண்டரை டன் என்பதால் 10 அடி உயரத்தை ஒரே மூச்சில் நிரப்பினால் அடிப்பலகையில் சதுர மீட்டருக்கு ஏழரை டன் அழுத்தம் வரும். ஸ்லாபுக்கு முட்டுக்கொடுத்துப் பழகிய சென்ட்ரிங் ஆள்கள் இதைக் குறைத்து எடைபோடுவார்கள். இரு பக்கப் பலகையையும் டை ராடு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும், கீழ்ப்பகுதியில் நெருக்கமாக. மணிக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பலகை பிதுங்கத் தொடங்கினால் வார்ப்பை நிறுத்தி முட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

டை ராடைச் சாதாரண பி.வி.சி. குழாய்க்குள் விட்டால், கழற்றிய பிறகு சுவரில் ஆரம்பம் முதல் முடிவு வரை ஓட்டை. நிலத்தடிச் சுவரில் நடுவில் நீர்த்தடுப்புத் தட்டு உள்ள டை வாங்குங்கள். இல்லையென்றால் குழாயை உரித்து எடுத்துவிட்டுச் சுருங்காத கிரவுட் அடையுங்கள். வெறும் சிமெண்ட் கலவை அடைத்தால் சுருங்கி மறுபடி கசியும்.

இரண்டாவது, கொட்டும் உயரம். ஐ.எஸ். 456 அனுமதிப்பது ஒன்றரை மீட்டர். அதற்குமேல் விழும் கான்கிரீட் கம்பியில் மோதி, ஜல்லி கீழேயும் சிமெண்ட் பால் மேலேயுமாகப் பிரியும். பலகையைப் பிரித்ததும் சுவரின் அடியில் தேன்கூடு போலத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். பம்பின் ரப்பர் குழாயைக் கம்பிகளுக்கு நடுவே இறக்குங்கள். இல்லையென்றால் பலகையின் நடு உயரத்தில் சன்னல் விடுங்கள். முதல் 2, 3 இஞ்ச், அதே விகிதத்தில் ஜல்லி குறைத்த கலவையாக இருந்தால் அடி நன்றாக மூடும்.

அடுக்கு ஒன்றரை அடிக்கு மிகாமல், சுவர் முழுநீளத்துக்கும் சுற்றிச் சுற்றி நிரப்ப வேண்டும். வைப்ரேட்டர் ஊசி கீழ் அடுக்குக்குள் நான்கு இஞ்சாவது போய்வர வேண்டும். ஒரு மூலையில் கொட்டிவிட்டு வைப்ரேட்டரால் மறு மூலைக்குத் தள்ளுவது தப்பு. மாற்று வைப்ரேட்டர் ஒன்று தயாராக இல்லாமல் வார்ப்பைத் தொடங்காதீர்கள். மின்வெட்டுக்குப் பெட்ரோல் வைப்ரேட்டர் நல்லது.

10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 200 மி.மீ. தடிமன் என்றால் சரியாக 6 கனமீட்டர், ஒரு டிரான்சிட் மிக்சர் அளவு. நான்கு பக்கச் சுவருக்கு நான்கு வண்டி. வண்டிக்கு வண்டி இடைவெளி கூடினால் முன் அடுக்கு இறுகி, கோல்டு ஜாயிண்ட் என்ற கிடைக்கோடு விழும். மழைக்காலத்தில் அந்தக் கோடு முழுவதும் கசியும். பலம் சோதிக்க, 16 முதல் 30 கனமீட்டர் வரை வார்ப்புக்கு மூன்று சாம்பிள், ஒவ்வொன்றிலும் மூன்று கியூப் எடுக்க வேண்டும். சைட் மிக்சர் மெஷினில் 24 கனமீட்டரை ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், இரண்டு மெஷினும் போதுமான ஆளும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ராஃப்டும் (நிலத்தடி அறையின் அடித்தளக் கான்கிரீட் பலகை) சுவரும் சேரும் இடத்தில் கசிவைத் தடுப்பது எப்படி?

அந்தச் சந்து தவிர்க்க முடியாதது, எனவே முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ராஃப்ட் வார்க்கும்போதே சுவருக்கு 4 முதல் 6 இஞ்ச் உயரத்துக்குக் கிக்கர் (சுவரின் தொடக்கப் பகுதி) எழுப்பிவிடுங்கள். பலகையை இறுக்கிப் பிடிக்கவும் உதவும். கிக்கரின் நடுவில் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப்பின் (சந்து வழியே நீர் போகாமல் தடுக்கும் பட்டை) கீழ்ப்பாதி புதைய வேண்டும், மேல்பாதி சுவருக்குள் போகும். அதைக் கம்பியோடு கட்டி நிமிர்த்தி வைக்காவிட்டால் வார்க்கும்போது மடிந்து கிடக்கும். மடிந்த வாட்டர் ஸ்டாப் இல்லாததைவிட மோசம், அடியில் வெற்றிடம் விடும். சுவர் வார்ப்பதற்கு முன் கிக்கரின் மேற்பரப்பைக் கொத்தி, ஊதிச் சுத்தம் செய்து நனையுங்கள். மரத்தூளும் கட்டுக்கம்பித் துண்டும் அடியில் கிடந்தபடியே வார்த்தால் வாட்டர் ஸ்டாப் காப்பாற்றாது.

வாட்டர்ப்ரூஃபிங் இரண்டுக்கும் ஒன்றா?

ஒன்றல்ல. பிளாக் சுவரில் முதலில் வெளிப்பக்கம் 1:4 பூச்சு வந்து, அது காய்ந்த பிறகுதான் கோட்டிங். நன்றாக வார்த்த கான்கிரீட்டில் பூச்சு வேண்டாம். தேன்கூட்டை மட்டும் கொத்திச் சரிசெய்து நேரடியாக மெம்பிரேனோ சிமெண்ட்-பாலிமர் கோட்டிங்கோ போடலாம். எதைப் போட்டாலும் மண் பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம். உள்பக்கம் பூசுவதை நீரழுத்தம் உரித்துவிடும். மண் நிரப்பும்போது கல் குத்திக் கிழிக்காமல் இருக்க கோட்டிங்மேல் பாதுகாப்புப் பலகையோ ஒரு வரிசைச் செங்கல்லோ வேண்டும்.

பலகையை எப்போது பிரிக்கலாம், வெளிமண்ணை எப்போது நிரப்பலாம்?

செங்குத்துப் பலகையை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம். நீராற்றல் ஓ.பி.சி.க்கு (சாதாரண போர்ட்லாந்து சிமெண்ட்) ஏழு நாள், பி.பி.சி.க்கு (ஃப்ளை ஆஷ் போன்றவை கலந்த சிமெண்ட்) குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினான்கு. சுவரில் தண்ணீர் நிற்காது என்பதால் சாக்குத் தொங்கவிட்டு எப்போதும் ஈரமாக வையுங்கள்.

வெளிமண், மேல் ஸ்லாப் வார்த்துப் பலம் பெற்ற பிறகுதான். வடிவமைப்பில் சுவரின் மேல்முனை ஸ்லாபால் பிடிக்கப்பட்டிருப்பதாகக் கணக்கிட்டிருப்பார்கள். ஸ்லாப் இல்லாமல் 10 அடி மண்ணை நிரப்பினால் அது வேறு சுவர், வேறு கணக்கு. ஜே.சி.பி. இயந்திரம் சுவரோரம் வந்து நிற்பதும் கூடுதல் தள்ளுதல்தான். ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளி நின்று கொட்டட்டும்.

கரிசல் மண்ணில் எது நல்லது?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கமும் கோவையின் சில பகுதிகளிலும் இருக்கும் கரிசல், மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும். அங்கே முதல் கவலை சுவர் எது என்பதல்ல, அஸ்திவாரம் எது என்பதுதான். அடிபருத்த பைல் போட்டு, கிரேடு பீமை மண்ணில் படாமல் 3 இஞ்ச் இடைவெளி விட்டு வார்ப்பது நிலைத்த முறை. பீமுக்கு மேல் பிளாக் சுவர் போதும். தோண்டிய கரிசலையே திரும்ப உள்ளேயோ ஓரத்திலோ நிரப்பக் கூடாது. கிராவல் வெளியிலிருந்து வர வேண்டும்.

கருங்கல் கட்டு இன்னும் பயன்படுமா?

கல் கிடைக்கும் ஊரில் நன்றாகவே பயன்படும். ஒன்றரை அடி தடிமன் உள்ள கருங்கல் கட்டு தன் எடையாலேயே மண்ணை நிறுத்தும். 4 அடி பேஸ்மட்டத்துக்கு 8 இஞ்ச் பிளாக்கைவிட அது பாதுகாப்பு. நடுவில் கல்சில்லையும் மண்ணையும் கொட்டி முகம் மட்டும் கட்டும் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு முகத்தையும் இணைக்கும் நீளக்கல் இடையிடையே வர வேண்டும்.

செலவு வித்தியாசம் எவ்வளவு?

விலை ஊருக்கு ஊர் மாறும், அளவு மாறாது. 10 சதுர மீட்டர் 8 இஞ்ச் சுவரை எடுத்துக்கொள்வோம். பிளாக்கில்: சேதம் சேர்த்து 122 கல், கட்டுக்கலவைக்கு ஒன்றேகால் மூட்டை சிமெண்ட், இருபக்கப் பூச்சுக்கு இரண்டு மூட்டை. கான்கிரீட்டில்: 2 கனமீட்டர், அதாவது சுமார் 14 மூட்டை சிமெண்ட், சுமார் 140 கிலோ கம்பி, இருபக்கமும் சேர்த்து 20 சதுர மீட்டர் ஷட்டரிங். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். பல இடங்களில் கம்பியும் ஷட்டரிங்கும் கான்கிரீட்டின் விலையை எட்டிப் பிடிக்கும்.

அதனால்தான் இரண்டரை அடி பேஸ்மட்டத்துக்குக் கான்கிரீட் சுவர் போடுவது வீண். அந்தப் பணத்தில் பிளிந்த் பீமை நன்றாகப் போட்டு, நல்ல கிராவல் நிரப்பலாம்.

கட்டிய சுவரில் விரிசல் வந்திருக்கிறது. எதைப் பார்த்துக் கவலைப்படுவது?

பிளாக் சுவரில் படிக்கட்டுபோல் சந்து வழியே ஏறும் விரிசல், ஒரு பக்கம் அடிமண் இறங்கியதைக் காட்டும். நடு உயரத்தில் நீளவாக்கில் கிடையாக ஓடும் விரிசல் மண் தள்ளுவதன் அடையாளம்; இதுதான் ஆபத்தானது. நூல் பிடித்துச் சுவர் பிதுங்கியிருக்கிறதா என்று அளந்து, தேதி போட்டுக் குறித்துவையுங்கள். அளவு கூடினால் பூச்சுப் பூசி மறைக்காமல், மண்ணை எடுத்துச் சுமையைக் குறைத்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். காலமும் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோட்டில் வரும் மெல்லிய விரிசல் இரண்டும் வேறு பொருள் என்பதால் வருவது. கோழிவலை வைத்துப் பூசினால் போதும்.

கான்கிரீட் சுவரில் சில மீட்டருக்கு ஒன்றாக முடிபோல் செங்குத்தாகத் தெரிவது சுருக்க விரிசல். கசியாவிட்டால் விட்டுவிடலாம், கசிந்தால் பாலியூரித்தேன் இன்ஜெக்‌ஷன் செய்யலாம். துருக்கறையோடு வருகிற விரிசல் வேறு. கவர் குறைந்து, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியைக் கொத்தித் திறந்து, கம்பியைச் சுத்தம் செய்து, மீதமுள்ள தடிமனை அளந்த பிறகே மூட வேண்டும்.